உழவு இயந்திரத்தின் அடிப்பாகங்களுக்குத் தீந்தை பூசுதல்

சிறுபோக அறுவடை முடிந்து காலபோக மழை தொடங்குவதற்கு முன் கமக்காரருக்குச் சில வாரங்கள் கிடைக்கின்றன. ஆவணி, புரட்டாதி மாதங்களில் வரும் இவ்விடைக்காலமே உழவு இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதற்கு ஏற்றது. இயந்திரத்தைக் கழுவி, மேல் மூடிக்குச் சிவப்போ நீலமோ பூசி, பளபளக்க நிறுத்தும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. அது தவறன்று. ஆயினும், சேற்றிலும் நீரிலும் அமிழ்ந்து உழைக்கும் பாகங்கள் மேல் மூடியில் இல்லை. கியர்ப் பெட்டி, அச்சுக்கூடு, சில்லுக் குடம், பி.ரி.ஓ. தண்டு, இழுவைக் கொக்கி ஆகியனவெல்லாம் கீழேயே உள்ளன. கண்ணுக்குத் தெரியாமையால் அவை கவனிப்பின்றி விடப்படுகின்றன. அல்லது, கவனிக்கப்படும்போது, பூசத்தகாத இடமும் சேர்த்துப் பூசப்பட்டுக் கெடுகின்றன. இரண்டாவது கேடு முதலாவதிலும் பெரிது. இத்துண்டுப் பிரசுரம் சிறப்பாக அதனைப் பற்றியதே.

நாற்சில்லு உழவு இயந்திரத்திற் பெரும்பாலும் லொறிக்கு உள்ளதுபோல் தனிச் சட்டம் இல்லை. எஞ்சின், கியர்ப் பெட்டி, பின் அச்சுக்கூடு ஆகிய வார்ப்பிரும்புப் பாகங்கள் ஒன்றோடொன்று போல்ற்றுகளால் இறுக்கப்பட்டு, அவையே இயந்திரத்தின் முதுகெலும்பாக நிற்கின்றன. எமது வயல்களில் நெடுங்காலம் உழைத்துவரும் மசி பேர்குசன் 35, 135 ஆகியன இவ்வமைப்பிலானவை. அவற்றிற் கியர்ப் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் கலப்பையை உயர்த்தும் நீரியல் அமைப்புக்கும் ஒரே ஒயில்தான். ஆகவே, ஓரிடத்திற் புகுந்த சேற்று நீர் மூன்றையும் கெடுக்கும்.

பூச்சு எதற்கு?

ஒரு உண்மையை முதலிற் சொல்லிவிடுதல் நன்று. கியர்ப் பெட்டியின் வார்ப்பிரும்புச் சுவர் மிகத் தடிப்பானது. பூச்சே இல்லாவிடினும் அது ஒருவர் வாழ்நாளிற் கறள் தின்று ஓட்டையாகப் போவதில்லை. அவ்வாறாயின் தீந்தை எதற்கு என்று கேட்கலாம். கறள் முதலிற் பற்றுவது போல்ற்றுத் தலைகளையும், ஒயில் வடிக்கும் அடைப்பான்களையும், மெல்லிய தகட்டு மூடிகளையும், பிறேக்கு இணைப்புத் தண்டுகளையுமே. கறள் பிடித்த போல்ற் கழற்றும் நாளில் முறியும். முறிந்த துண்டைத் துளையிட்டு எடுக்க ஒரு நாள் வேலை போகும். வடிக்கும் அடைப்பானின் தலை தேய்ந்துவிட்டால், ஒயில் மாற்றுவதையே உரிமையாளர் ஒத்திப்போடுவார். இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் இதனிலும் பெறுமதி வாய்ந்தது. சுத்தமான, வெளிர் நிறம் பூசிய கியர்ப் பெட்டியில் ஒயிற் கசிவு தோன்றிய அன்றே கரிய கோடாகத் தெரியும். பழைய கிறீசும் மண்ணும் அப்பிய பெட்டியிற் கசிவு பல மாதம் நடந்தாலும் எவரும் அறியார். இக்காரணத்தினால், அடிப்பாகங்களுக்குக் கறுப்பு நிறம் பூசும் வழக்கத்தை யான் விரும்புவதில்லை. கறுப்பு அழுக்கை மறைக்கும் என்பர். மறைப்பதே அதன் குற்றம். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மரக்கறியும் செய்வோர் செந்நிறத்தையும் விலக்குதல் நன்று. செம்மண் தூசும் கறளும் செந்தீந்தையும் ஒரே நிறமாயிருப்பதால் ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்தறிய இயலாது. வெளிர் சாம்பல் நிறமே சிறந்தது.

கசிவைத் தீந்தையால் அடைக்கலாம் என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. ஒயில் உள்ள இடத்தில் தீந்தை ஒட்டாது. ஒட்டியதுபோல் தோன்றினும் தோலாக உரிந்துவிடும். கசியும் ஒயில் சீலையோ கடதாசிப் பொருத்தையோ மாற்றிய பின்னரே தூரிகையை எடுத்தல் வேண்டும்.

மூச்சுத் துளையின் கதை

கியர்ப் பெட்டியின் மேற்புறத்திலும் அச்சுக்கூட்டிலும் ஒரு சிறு துளையோ, தொப்பி வைத்த சிறு குழாயோ இருக்கக் காணலாம். இரு சில்லு உழவு இயந்திரங்களில், அதாவது நாம் லான்ட்மாஸ்டர் என்று பொதுவாக அழைக்கும் இயந்திரங்களில், ஒயில் ஊற்றும் மூடியிலேயே இத்துளை இருப்பதும் உண்டு. மெக்கானிக்குகள் இதனைப் பிறீதர் என்பர். பார்வைக்கு அற்பமான இதனைத் தீந்தை பூசுவோர் மற்ற இடங்களோடு சேர்த்து மெழுகிவிடுகின்றனர். இதனால் நேர்வது யாது?

உழவின்போது கியர்கள் உராய்ந்து ஒயில் சூடேறும். பெட்டிக்குள் இருக்கும் காற்றும் சூடேறி விரியும். மூச்சுத் துளை திறந்திருந்தால் மிகுதிக் காற்று வெளியேறும். துளை அடைபட்டிருந்தால் காற்று ஒயிலை அழுத்தும். ஒயில் தனக்கு இளகிய இடமாகிய ஒயில் சீலின் ஓரத்தால் வழியும். இது பகலில் நடப்பது.

மாலையில் இதற்கு மாறானது நடக்கும். வேலை முடிந்ததும் சூடு ஆறுமுன்னரே இயந்திரத்தை வாய்க்காலில் இறக்கிக் கழுவுவது எம்மவர் வழக்கம். கை வைக்க முடியாச் சூட்டில் இருந்த பெட்டி சடுதியாகக் குளிர்கின்றது. 70 பாகை செல்சியசில் உள்ள காற்று 30 பாகைக்குக் குளிரும்போது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஏதேனும் உள்ளே வரவேண்டும். மூச்சுத் துளை அடைபட்டு, ஒயில் சீல் நீருக்குள் இருக்குமாயின், அதன் ஓரத்தால் உறிஞ்சப்படுவது சேற்று நீரே. காலையில் ஒயிலைச் சிறிது வடித்துப் பார்த்தால் பாலிட்ட தேநீரின் நிறத்தில் இருக்கும். அந்த ஒயிலுக்கு உராய்வைத் தடுக்கும் வலு குன்றிவிடும். நீரோடு வந்த நுண்மணல் பெயாரிங்குகளை அரத்தைப்போல் அராவும்.

எனது பிரிவில் மரக்கறிச் செய்கையாளர் ஒருவரின் இரு சில்லு இயந்திரத்தில் இதனை நேரிற் கண்டேன். இயந்திரம் வெளியே புதியதுபோல் இருந்தது. ஒயில் சீல் இரண்டு தடவை மாற்றப்பட்டும் கசிவு நிற்கவில்லை. மூன்றாவது சீலுக்குப் பணம் தேடிக்கொண்டிருந்தார். ஒயில் மூடியின் துளையில் அடைந்திருந்த எனாமலை ஒரு சைக்கிள் ஆரைக் கம்பியாற் குத்தி எடுத்து, அதே சீலைத் துடைத்துவிட்டு ஓட்டச் செய்தோம். அந்தப் போகம் முழுவதும் அவ்விடம் உலர்ந்தே இருந்தது.

பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்த நாளில் வாய்க்காலில் நீர் விடப்படும். அது எவருடைய பெயாரிங் பழுதுக்காகவும் காத்திராது. 2022 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டபோது டீசலுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் கமக்காரர் பட்ட பாட்டை எவரும் மறந்திலர். ஒரு துளையை மூடாமல் விடுவதற்குச் சதமும் செலவில்லை.

பூசத்தகாத பிற இடங்கள்

தீந்தை பூசத் தொடங்குமுன் இயந்திரத்தைச் சுற்றி வந்து பின்வரும் இடங்களை ஒட்டுத்தாளாலோ, கிறீஸ் தடவிய துணியாலோ மறைத்துக்கொள்ளுதல் வேண்டும். அச்சுத் தண்டு ஒயில் சீலுக்குள் நுழையும் இடம் இவற்றில் முதன்மையானது. அங்கே தண்டில் தீந்தை பட்டுக் காய்ந்தால், சுழலும்போது அது சீலின் மெல்லிய இறப்பர் உதட்டை வெட்டும். பி.ரி.ஓ. தண்டின் பற்களும், ஒன்றுக்குள் ஒன்று வழுகும் குழாய்களும் பூச்சின்றிக் கிறீசுடனேயே இருத்தல் வேண்டும். கிறீஸ் ஏற்றும் நிப்பிள்கள் அடைபட்டால் கிறீஸ் உள்ளே போகாது. அடைபட்டதை அடுத்த முறை கிறீஸ் ஏற்றும்வரை அறியவும் முடியாது.

இரு சில்லு இயந்திரங்களிற் கப்பியின் வெட்டுக்குள் தீந்தை பூசக்கூடாது. பூசினால் பெல்ற் வழுகும், சூடேறும், விரைவிற் தேயும். எஞ்சினின் குளிர்ச்சிச் செதில்களிலும் றேடியேற்றரிலும் தடித்த பூச்சு சூடு வெளியேறுவதைத் தடுக்கும். பல நாற்சில்லு இயந்திரங்களில் கிளச் கூட்டின் அடியில் ஒரு சிறு துளையும் அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பிளவாணியும் உண்டு. கூட்டுக்குள் கசியும் ஒயிலும் புகும் நீரும் வடிந்து போவதற்கே அத்துளை. அதனை அடைத்தால் ஒயில் தேங்கிக் கிளச் தட்டை நனைக்கும். இயந்திர இலக்கம் பொறித்த தகட்டையும் மறவாது மறைத்தல் வேண்டும். இலக்கம் வாசிக்க முடியாவிடின் பதிவு அலுவலகத்தில் வீண் அலைச்சல் உண்டாகும்.

சில்லுத் தட்டு குடத்தோடு பொருந்தும் முகத்தைப் பற்றித் தனியாகச் சொல்லுதல் தகும். சில்லைக் கழற்றியவுடன் அம்முகத்துக்கும் அழகாகத் தீந்தை பூசிவிடுவோர் பலர். இரண்டு இரும்பு முகங்களுக்கு இடையில் அகப்பட்ட தீந்தை, சுமை ஏறியதும் நசுங்கி மெலியும். மெலிந்த அளவுக்கு நட்டுகளின் இறுக்கம் தளரும். நெல் மூடை ஏற்றிய பெட்டியோடு பிரதான வீதியிற் போகும்போது சில்லு நட்டுகள் தளர்ந்தால் அது உயிராபத்து. ஆகவே, பொருந்தும் முகங்கள், நட்டுகள் அமரும் குழிகள், போல்ற்றுகளின் புரிகள் ஆகிய மூன்றையும் வெறுமையாகவே விடுதல் வேண்டும். கறளுக்கு அஞ்சின் மிக மெல்லியதாகக் கிறீசைத் தடவித் துடைத்துவிடலாம்; ஆனால் நட்டு அமரும் குழியிலும் புரியிலும் அதனைப் படவிடலாகாது.

துப்புரவு செய்தல்

வேலையில் முக்காற் பங்கு இதுவே. இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, திறப்பை எடுத்துவிட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே புகவேண்டாம். தடித்த மரக்குற்றிகளை அச்சின் கீழ் அடுக்கிய பின்னரே புகுதல் வேண்டும்.

காய்ந்த சேற்றை மரத் துண்டாலோ பழைய தகட்டாலோ சுரண்டி எடுத்து, பின் நீர் விட்டுக் கழுவுக. பெட்டி நன்றாக ஆறியிருத்தல் வேண்டும் என்பது மேலே கூறியவற்றால் விளங்கும். வேகமாகப் பீச்சும் நீர்க்குழாயை ஒயில் சீலுக்கும் மூச்சுத் துளைக்கும் நேரே பிடிக்கக்கூடாது. கிறீசும் ஒயிலும் அப்பிய இடங்களை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு இளக்குக. இவ்விடத்திற் பலர் நிறுத்திவிடுகின்றனர். மண்ணெண்ணெய் தானும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படையை விட்டுச் செல்கின்றது. அதன் மேற் பூசிய தீந்தை ஒரு மழைக்கு நில்லாது. ஆதலால் சவர்க்காரத் தூள் கரைத்த நீரால் நன்கு உரைத்துக் கழுவி, நல்ல நீரால் அலசி, உலர்ந்த பின் தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் ஒரு முறை துடைத்தல் வேண்டும். துணியில் அழுக்கு ஏறாதிருக்கும்வரை துணியை மாற்றித் துடைக்க. துப்புரவுக்குப் பெற்றோலைப் பயன்படுத்துவது பெருந் தீ விபத்துக்கு இடமாகும்.

அலசும் நீர் எத்தகையது என்பதும் கவனிக்கத்தக்கது. மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு ஆகிய இடங்களிற் கடலையும் களப்பையும் அண்டிய வயல்களில் உழைக்கும் இயந்திரங்களில் உப்புப் படிகின்றது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சிலவற்றின் நீரும் உவர். மியூறியேற்றுப் பொட்டாசு முதலிய பசளை மூடைகள் ஏற்றிய பெட்டிகளின் கொக்கியிலும் அச்சிலும் குளோரைட்டு உப்பு ஒட்டியிருக்கும். உப்பை நீக்காது மேலே தீந்தை பூசினால், அவ்வுப்பு பூச்சினூடாக ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். கொப்புளத்தின் கீழே கறள் வளரும். இவ்விடங்களிலுள்ளோர் நன்னீர் கொண்டுவந்தேனும் கடைசி அலசலைச் செய்தல் வேண்டும்.

கறள் பிடித்த இடங்களைக் கம்பித் தூரிகையாற் தேய்த்து, பின் 80 ஆம் இலக்க அரத்தாளாலும் அதன்பின் 120 ஆம் இலக்க அரத்தாளாலும் உரைக்க. உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய தீந்தையை முழுவதும் நீக்கவேண்டியதில்லை; அதன் பளபளப்பு மங்குமாறு உரைத்து, ஓரங்களைச் சரிவாக்கினாற் போதும். பழைய இயந்திரங்களின் முதற்பூச்சில் ஈயம் கலந்த செந்தூரம் இருக்கக்கூடும். அத்தூசு சிறுவருக்கு மிகவும் தீங்கானது. நீர் தொட்டு உரைத்தால் தூசு எழாது. மூக்கையும் வாயையும் மறைக்கும் தூசுக் கவசத்தை அணிந்துகொள்க. சிறுவரையும் கோழிகளையும் அப்பால் வைத்திருக்க. உரைத்த கழிவைக் கிணற்றடியிற் கழுவவேண்டாம்.

பூசும் முறை

உரைத்து வெளிறிய இரும்பு ஓர் இரவு பனியில் நின்றாலே மீண்டும் கறள் ஏறும். ஆகையால் உரைத்த அன்றே முதற்பூச்சு பூசுதல் வேண்டும். காலையில் இரும்பிற் பனி ஈரம் நிற்கும். வெயில் ஏறி அது நன்கு உலர்ந்த பின் தொடங்கி, பிற்பகல் நடுவிலேயே முடித்துவிடுதல் உத்தமம். சோளகக் காற்று வீசும் நாட்களிற் கொட்டிலின் காற்று மறைவான பக்கத்தில் வேலை செய்க. தரைக்குச் சற்று நீர் தெளித்துவிட்டால் தூசு எழும்பாது. ஆயினும் தின்னர் ஆவி அடையாதபடி இடம் திறந்ததாய் இருத்தல் வேண்டும். அங்கே சுருட்டுப் பிடிப்பதும் ஆகாது.

வார்ப்பிரும்புக்கும் உருக்குக்கும் கடைகளிற் கிடைக்கும் செவ்வொட்சைட்டு முதற்பூச்சோ, நாகப் பொசுபேற்று முதற்பூச்சோ பொருந்தும். சில இரு சில்லு இயந்திரங்களின் மூடிகளும் சில பெட்டிகளும் அலுமினியத்தால் ஆனவை. காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். காந்தம் ஒட்டாத இடத்தில் இம்முதற்பூச்சு நெடுநாள் நில்லாது. அலுமினியத்துக்கெனத் தனியே விற்கப்படும் முதற்பூச்சை வாங்குக; அல்லது அதனைப் பூசாமலே விடுக. புகைக்குழாய்க்குச் சாதாரண எனாமல் உதவாது, கருகி உதிரும். வெப்பம் தாங்கும் அலுமினியத் தீந்தையே அதற்குரியது.

முதற்பூச்சைப் பூசிவிட்டு அதனுடன் நிறுத்திக்கொண்ட இயந்திரங்கள் பலவற்றைக் கிராமங்களிற் காணலாம். சிவப்பாய் இருப்பதால் வேலை முடிந்ததாக எண்ணுகின்றனர். முதற்பூச்சின் தொழில் இரும்பைப் பற்றிப்பிடித்து மேற்பூச்சுக்கு இடமளிப்பதே. தனித்து நின்றால் அது நீரை ஊடே விடும். எனவே, முதற்பூச்சு இரண்டு மெல்லிய படையும், அது காய்ந்த பின் எனாமல் இரண்டு மெல்லிய படையும் இடுதல் வேண்டும். ஒவ்வொரு படைக்கும் இடையில் ஓர் இரவு விடுக. ஒரே தடித்த பூச்சாகப் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக இருக்கும். முதற் கல் பட்டதும் பிளந்துவிடும். ஒரு லீற்றர் தீந்தை ஒரு படையாக ஏறக்குறைய 10 சதுர மீற்றருக்குக் காணும். ஆகவே, நாற்சில்லு இயந்திரம் ஒன்றின் அடிப்பாகங்களுக்கு முதற்பூச்சு ஒரு லீற்றரும் எனாமல் ஒரு லீற்றரும் பெரும்பாலும் போதும். போல்ற்றுத் தலைகளின் ஓரங்கள், பற்றுவைத்த இடங்கள், தகட்டு விளிம்புகள் ஆகியவற்றிற் தீந்தை தானே மெலிந்து நிற்குமாதலால் அவ்விடங்களைச் சிறு தூரிகையால் முதலிற் தொட்டுவிட்டுப் பின் முழுவதும் பூசுக.

மண்ணோடு உராயும் பாகங்களுக்குத் தீந்தை வாங்குவது வீண் செலவு. கலப்பைக் கொழு, தட்டு, சுழல் கலப்பையின் கத்தி, சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சில்லின் மிதிகள் ஆகியவற்றில் ஒரு வரம்பு கடக்குமுன்னரே பூச்சுப் போய்விடும். அவற்றைக் கழுவி உலர்த்திக் கிறீஸ் பூசி வைக்க. கழிந்த எஞ்சின் ஒயிலை அடிப்பாகமெங்கும் தடவும் வழக்கத்தையும் கைவிடுதல் வேண்டும். அது தூசைச் சேர்க்கும். சில்லின் இறப்பரை ஊறச்செய்து கெடுக்கும். வயல் நீரிற் கலந்து வாய்க்காலின் கடைசிப் பங்காளர்வரை போய்ச் சேரும்.

கடைசிப் படை பூசிய மறுநாள் ஒட்டுத்தாள்களை உரித்துவிடுக. மூச்சுத் துளையில் மெல்லிய கம்பியைச் செலுத்திப் பார்த்து, நிப்பிள்கள் யாவற்றுக்கும் கிறீஸ் ஏற்றுக. எனாமல் கைக்குக் காய்ந்ததாகத் தோன்றினும் உள்ளே இறுகுவதற்கு ஏறக்குறைய ஒரு கிழமை ஆகும்; அதுவரை சேற்றில் இறக்கவேண்டாம். சில்லைக் கழற்றி மாட்டியிருந்தால், முதல் நாள் வேலை முடிந்ததும் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க. எஞ்சிய தீந்தையைத் தகரத்தின் மூடியை இறுக அடித்து மூடி, கல்லும் வரம்பும் உரைத்த இடங்களைத் தொடுவதற்கென அடுத்த இடைக்காலம்வரை நிழலில் வைத்திருக்கலாம்.